ஆண்மயிலின் மூன்றாவது கார்

எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கேதான் தோற்றுவிட்டோம் என்று வெனிங்குக்குத் தெரிந்தது.

ஜாவாவில் ஒரு கூட்டத்தில் யாராவது எதிர்த்துப் பேசினால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். முறைத்தால்கூடச் சமாளித்துவிடலாம். மொத்தப் பேரும் வாய் நிறையப் புன்னகையோடு, "ஆமாங்க இபு, ரொம்பச் சரிங்க இபு" என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது. உங்கள் பேச்சுக்கு மலர்வளையம் வைத்தாயிற்று.

டாக்டர் வெனிங் அப்போதுதான் பேசி முடித்திருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. விலங்குகள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கின்றன என்று ஆராய்கிற டாக்டர். வேலை யோக்யா நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில். வீடு ஊருக்கு வடக்கே, கிரியா தெலாகா குடியிருப்பில். தெலாகா என்றால் ஏரி. குடியிருப்பின் கடைசியில் நிஜமாகவே ஒரு குட்டை இருந்தது. அதைத் தூர்த்து, சிமெண்ட் போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்குவதா என்பதுதான் அன்றைய மாதக் கூட்டத்தின் ஒரே விஷயம்.

கூட்டம் தெருத்தலைவர் பாக் சுகம்தோ வீட்டில். அங்கே பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. வேகவைத்த கடலை, சர்க்கரை தூக்கலாய் தேநீர். கூரையிலிருந்து, பாட்டுப் பந்தயத்துக்கென்று அவர் வளர்க்கும் பறவை கிலாட், துணி போர்த்திய கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

வெனிங் 'உயிரியல் பார்வையில் நவீன நாகரிகத்தின் சிக்கல்கள்' என்று பெரிதாய்த் தலைப்பு வைத்து, முதலில் குட்டையில் பதிவு செய்த ஒரு குரலைப் போட்டுக் காட்டினாள். பெர்சில் தவளை. கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். குரல் மட்டும் தையல் மெஷின் மாதிரி. எல்லாருடைய கைபேசிக்கும் அதை அனுப்பியும் வைத்தாள். பதிவின் நடுவில் 'ஹா... ஹாச்ச்!' என்று ஒரு தும்மல் வந்தது.

"மன்னிக்கணும், அது நான்தான்" என்றான் மூலையிலிருந்து அவள் கணவன் பிரசோஜோ. பல் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிலேயே அவர்களுக்கு நன்றாகப் புரிந்த இடம் அதுதான்.

பிறகு அவள் மயிலுக்கு வந்தாள்.

"மயிலுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய தோகை? பறக்கறதுக்கா? பக்கத்து மயிலோட தோகையை விடப் பெருசா இருக்கறதுக்கு. அவ்வளவுதான். வளர வளர ஓட முடியாது, ஒளிய முடியாது. ஒரு நாள் புலி வந்து கவ்விக்கும். அதனால மயிலுக்கு ஒரு அளவு இருக்கு. நமக்குத்தான் புலி இல்ல. நம்ம தோகை வளர்ந்துக்கிட்டே போகுது. நாக்கும் அப்படித்தான். காட்டுல இனிப்பு கிடைக்கறது அபூர்வம், அதனால கிடைச்சா விடாதேன்னு பழகின நாக்கு இது. இப்ப தெருவெல்லாம் இனிப்புக் கடை. காலம் மாறிடுச்சுன்னு நாக்குக்கு யாரும் தகவல் சொல்லல."

"என் பொழப்பே அதுலதான் ஓடுது" என்றான் பிரசோஜோ.

பாக் டிர்கோ கடலையை உரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். கப்பல் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கார். மூன்றாவது கார் தெருவில் நிற்கும். காய்கறி வண்டிக்காரர் தினமும் அதைச் சபித்தபடியே சுற்றிக்கொண்டு போவார். ஆண்பிள்ளை என்றால் வீடு, மனைவி, குதிரை, குத்துவாள், பறவை ஐந்தும் வேண்டும் என்பது ஜாவாவின் பழைய கணக்கு. டிர்கோ குதிரையை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது குதிரை வாங்கினார். எதிர்வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீடு.

"அற்புதம் இபு. கண்ணைத் திறந்துட்டீங்க" என்றார் டிர்கோ. "ஆனா பாருங்க, மயிலுக்குப் பார்க்கிங் பிரச்சனை கிடையாது."

கூடம் குலுங்கியது. சிரிப்பு அடங்குமுன் சுகம்தோ கைகளைக் குவித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அப்போ குட்டை விஷயம்... எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஓட்டுப் போடுவதெல்லாம் அங்கே கிடையாது. எல்லாத் தலையும் ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆடின.

வெனிங்கின் தலையும் ஆடியது.

*

"நீயும் ஆட்டினே. நான் பார்த்தேன்" என்றான் பிரசோஜோ, வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே.

"நான் ஆட்டல மாஸ். கழுத்து ஆட்டிச்சு. சுத்தி இருக்கறவங்க எல்லாம் ஆட்டினா கூட்டத்துல இருக்கற பிராணி தானா ஆட்டும். மீன் கூட்டம் திரும்பற மாதிரி." மாஸ் என்பது அங்கே மனைவி கணவனைக் கூப்பிடும் மரியாதைச் சொல்.

"டாக்டர் பட்டம் வாங்கின மீன்."

அவள் சிரிக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த குட்டைகள் ஒவ்வொன்றாய் வீட்டு மனையாகிவிட்டன. பெர்சில் கத்துவது இந்த ஒரு இடத்தில்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குட்டை போனால் அவளுடைய ஆராய்ச்சி போகும், அது போகட்டும். அந்தக் குரல் அந்தப் பக்கத்திலிருந்தே போய்விடும். அடுத்த கூட்டத்துக்குள் சிமெண்ட் கலவை இயந்திரம் வரப்போகிறது.

"அடுத்த கூட்டத்துல இன்னும் விளக்கமா பேசேன்" என்றான் பிரசோஜோ.

"மயில்கிட்ட போய், 'தம்பி, தோகை உடம்புக்கு ஆகாது, குறைச்சுக்கோ'ன்னா கேக்குமா? மாஸ், நீங்க மிட்டாய் சாப்பிடாதேன்னு சொல்லி எத்தனை பேர் நிறுத்தியிருக்காங்க?"

"யாராவது நிறுத்தினா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"பாத்தீங்களா. தோகையை வெட்ட முடியாது. வேற தோகையைக் காட்டணும். கார் பழசு, அதைவிட ஒசத்தியா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போட்டி அந்தப் பக்கம் ஓடும்."

"பொய் சொல்லப் போறியா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல." வெனிங்கின் கண்ணில் ஒரு விஷமம் எட்டிப் பார்த்தது. "கேட்டா மறுக்கப் போறேன்."

*

மறுநாள் மாலை. வெனிங் கல்யாணத்துக்குப் போவதுபோல பத்திக் சாயம் போட்ட நல்ல பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, குட்டைக்கரையில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காதில் ஹெட்போன். கையில் ஒலிவாங்கி. கண் பாதி மூடியிருக்க, பந்தயப் புறா கூவுவதை ரசிக்கிற பெரிய மனிதர்போல அவ்வப்போது தலையை அசைத்தாள்.

சுகம்தோ மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் கிலாட்டின் கூண்டு. பறவைக்குப் பயிற்சி கொடுக்கக் கூட்டிப்போகிறார். கடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"என்ன இபு, இங்க?"

"ஒண்ணுமில்ல பாக்."

"ஏதோ கேக்கறீங்க போல."

"சேச்சே. சும்மா காத்து வாங்கறேன்."

"காதுல மாட்டிக்கிட்டா காத்து வாங்கறீங்க?"

வெனிங் சட்டென்று ஒலிவாங்கியைத் துப்பட்டாவால் மூடினாள். அவர் நன்றாகப் பார்த்து முடித்த பிறகு.

"பாக், ஒரு சின்ன உதவி. என்னை இங்க பார்த்ததை பாக் டிர்கோகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"அவர் வசதியானவர். வேணாமே."

சுகம்தோவின் முகத்தில் ஓடிய யோசனையைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. அந்த ஊரில் ஒருவர் 'இதோ பார், பொக்கிஷம்' என்று காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'ஒன்றுமில்லை' என்று மூடி வைத்தால் தூக்கம் வராது.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு டிர்கோ வந்தார். நடந்து வந்தார். அதுவே செய்தி, அவர் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குக்கூடக் காரில் போவார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"சுகம்தோ எதுவுமே சொல்லல இபு" என்று தொடங்கினார். "ஆனா அவர் சொல்லாத விதம் சரியில்ல."

"ஒண்ணுமில்ல பாக். தவளை."

"தவளை..." டிர்கோ குட்டையைப் பார்த்தார். "எவ்வளவு ஆகும்?"

"இது காசு கொடுத்து வர்ற விஷயம் இல்ல பாக். தண்ணி சுத்தமா, மண்ணு ஈரமா எங்க இருக்கோ அங்கதான் பெர்சில் பாடும். சிமெண்ட் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு வீட்டு வாசல்ல வந்து பாடுச்சுன்னா, அந்த வீட்டு மண்ணு நல்ல மண்ணுன்னு அர்த்தம்."

"மண்ணு நல்ல மண்ணுன்னா... வீட்டுக்காரனும்..."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்ல வேணாம் இபு" என்றார் டிர்கோ, குரலைத் தாழ்த்தி. "புரியுது."

*

புரிந்துகொண்டதன் விளைவு அந்த வாரமே தெரிந்தது.

டிர்கோ வீட்டு முன்வாசலில் கடப்பாரைச் சத்தம். இத்தாலியிலிருந்து வந்ததாக அவர் சொல்லிக்கொள்ளும் பளபளப்புக் கற்களைப் பெயர்த்து, அங்கே ஒரு குளம் வெட்டினார். குளத்துக்கு இடம் போதவில்லை. மூன்றாவது கார் கிளாத்தெனில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனது. அதைப் பார்த்து எதிர்வீட்டில் குளம். எதிர்வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டில், கொஞ்சம் பெரிய குளம், நடுவில் ஒரு கல் விளக்கு.

"மாஸ், வேலை செய்யுது!" வெனிங் ஜன்னலருகே நின்று குதித்தாள். "காரை விட்டுட்டுக் குளத்துக்குத் தாவிட்டாங்க. பாருங்க, சிமெண்ட்டை உடைக்கறாங்க. தாங்களாவே!"

"ஒரு இனத்தோட நடத்தையவே மாத்திட்ட. உனக்குச் சிலை வைக்கணும்."

"அளவா வைங்க. பக்கத்து வீட்டுக்காரி பெருசா கேப்பா."

அன்று மாலையில் நல்ல மழை. மழை விட்டதும் அவள் குதூகலமாய்க் குட்டைக்கரைக்குப் போனாள். மழைக்குப் பிறகுதான் பெர்சில் கச்சேரி களைகட்டும்.

குட்டையில் ஒரு சத்தமும் இல்லை.

காதில் ஹெட்போனை மாட்டினாள். கழற்றினாள். கரையைச் சுற்றி வந்தாள். சேற்றில் எங்கு பார்த்தாலும் ரப்பர் செருப்புத் தடம். நாணலுக்குள் யாரோ விட்டுப்போன ஒரு மீன்வலை.

தெருவுக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வீடு, தாழ்வாரத்தில், கொக்கியில், கூண்டு தொங்கியது. தேக்கில் கடைசல், உள்ளே கொசுவலை, மேலே ஜரிகைத் துணி. ஒவ்வொரு கூண்டிலும் கட்டைவிரல் நகத்தளவு ஒரு தவளை.

வெனிங் தெருநடுவில் அப்படியே நின்றுவிட்டாள். குரங்குக்கு என்ன பழக்கம், மீனுக்கு என்ன பழக்கம் என்றெல்லாம் தலைகீழாய்ச் சொல்லத் தெரிந்தவள், தன் தெருவில் வாழ்கிற இனத்தின் முதல் பழக்கத்தை மறந்திருக்கிறாள். குரல் உள்ள எதைக் கண்டாலும் ஜாவாக்காரன் அதைக் கூண்டில் போட்டுக் கூரையில் தொங்கவிடுவான்.

சுகம்தோ தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தன் தவளைக்கு எறும்பு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். கூண்டின் பக்கத்தில் ஒரு கைபேசி கானரிக் குருவியின் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது.

"இது எதுக்கு பாக்?"

"வாத்தியார் இபு. கேட்டுக் கேட்டு இதுவும் அந்த ராகத்தைப் பிடிச்சுக்கும். கிலாட்டுக்கு இப்படித்தான் கத்துக்கொடுத்தேன்."

"தவளைக்கு... கானரிப் பாட்டு."

"வயசு சின்னது. வந்துரும்."

சற்றுத் தள்ளி டிர்கோ தன் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோலோ நகரில் சொல்லிச் செய்தது. தூண்களில் தங்க ரேக்கு.

"பாக், நீங்க குளம் வெட்டினீங்களே?"

"வெட்டினேன் இபு. ரெண்டு நாள் காத்திருந்தேன், வரல. வராதவரைப் போய் அழைச்சுட்டு வர்றதுதானே மரியாதை?" டிர்கோ கூண்டைச் சுழற்றி அழகு பார்த்தார். "ஒரு நல்ல செய்தி. குட்டையை நினைச்சு நீங்க கவலைப்பட்டீங்க இல்ல? இனி கவலை வேணாம். தவளையெல்லாம் பத்திரமா நம்ம வீடுங்கள்ல இருக்கு. நிம்மதியா சிமெண்ட் போட்டுரலாம்."

மறுநாள் காலையில் லாரி வந்து குட்டைக்கரையில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. திங்கட்கிழமை கலவை இயந்திரம் வருகிறது என்று சுகம்தோ எல்லாருடைய கைபேசிக்கும் தகவல் அனுப்பினார், கீழே ஒரு தவளைப் படத்தோடு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல், வாய் வெனிங்குடையது.

*

"போய் உண்மையைச் சொல்லிடு" என்றான் பிரசோஜோ.

"சொன்னா என்ன ஆகும்?"

"தலையாட்டுவாங்க."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தி சாய்கிற நேரம். டிர்கோ வீட்டிலிருந்து பெர்சில் குரல் கிளம்பியது. கணீரென்று, தையல் மெஷின்போல.

வெனிங் நிமிர்ந்தாள். "இருக்கவே முடியாது. தனி ஆண் தவளை இப்படிக் கத்தாது."

சுகம்தோ வீட்டிலிருந்தும் கிளம்பியது. பிறகு எதிர்வீடு. பக்கத்து வீடு. தெரு முழுக்கப் பெர்சில். இத்தனை நாள் படித்ததெல்லாம் தப்பா?

"ஹா... ஹாச்ச்!" என்றது டிர்கோவின் தவளை.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துச் சுகம்தோவின் தவளையும் தும்மியது. பிறகு எதிர்வீட்டுத் தவளை. பிறகு பக்கத்து வீடு.

பிரசோஜோ மெதுவாய்த் திரும்பினான். "எங்கேயோ கேட்ட தும்மல் மாதிரி இருக்கே."

வெனிங் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"மாஸ், ஒரு தவளைகூட வாயைத் திறக்கல. ஒவ்வொருத்தரும் தன்னோடது மட்டும்தான் ஊமை, மத்தவங்களோடது பாடுதுன்னு நினைச்சு, வெக்கத்துல என் பதிவைப் போட்டு விடறாங்க."

"தெருவுல நின்னு போட்டு உடைச்சுரு."

"ஐயோ. ஒருத்தரோட மானத்தை வாங்கினா ஒரு எதிரி. எல்லாரோட மானத்தையும் வாங்கினா வீடு மாத்தணும்." அவள் செருப்பை மாட்டினாள். "பந்தயம் வைக்கச் சொல்லப் போறேன்."

சுகம்தோ பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கமாய் எழுந்து நிற்பவர். இந்த முறை உட்கார்ந்தார்.

"பெர்சில் பந்தயமா?"

"இவ்வளவு அருமையா பாடுதுங்களே பாக். ஒவ்வொண்ணும் ஒரே தரம். யாரோடது ஒசத்தின்னு தெரிய வேணாமா? சனிக்கிழமை மாலை, குட்டைக்கரைல. கூண்டெல்லாம் வரிசையா கம்பத்துல. கைபேசியெல்லாம் ஒரு கூடைல போட்டு மூடிடலாம். சத்தம் வந்தா தவளைக்குக் கவனம் சிதறும்."

"கைபேசி... கூடைல." சுகம்தோவின் கை கைபேசியைத் தேடியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாயில் அந்தச் சொல் பழக்கமே இல்லை. "நல்ல யோசனை இபு" என்றார். தலையாட்டினார்.

அன்றே அவள் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்றார் சுகம்தோ, உள்ளே வராமலே. "வேற தெரு. அவரோட பெர்சில் வாயே திறக்கல. என்ன வைத்தியம்னு கேக்கச் சொன்னார்."

"உங்களோடது பிரமாதமா பாடுதே பாக். சாயங்காலம் தும்மக்கூடத் தும்முச்சு."

"அது... ஈரம் ஒத்துக்கல. இது அந்த ஒருத்தரோட விஷயம்."

"அந்த ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஆண் தவளை எதுக்குக் கத்தும்? கேட்க ஒரு பெண் தவளை வேணும். எதிர்க்க இன்னொரு ஆண் வேணும். காலடியில தண்ணி வேணும். தனியா தங்கக் கூண்டுல உக்கார வச்சா யாருக்காகக் கத்தும்? நீங்க ஆளில்லாத தீவுல இருந்தா கிலாட்டைப் பந்தயத்துக்குக் கொண்டு போவீங்களா?"

சுகம்தோ ஒரு காலை உள்ளே வைத்தார். "அப்போ குட்டைல விட்டா..."

"மத்த தவளைங்களும் அங்க இருந்தா, பாடும்."

அவர் போன பிறகு டிர்கோ வந்தார். அவருக்கு மைத்துனரின் தவளை ஊமை. எதிர்வீட்டுக்காரர் வந்தார், அவருக்கு அலுவலக நண்பரின் தவளை. பிரசோஜோவின் பல் ஆஸ்பத்திரியில்கூட ஒரு நோயாளி, வாயைத் திறந்தபடியே, "ஆக்கர், ஆவளை ஆடலைன்னா எய்ன ஏய்யணும்?" என்று விசாரித்தாராம். எல்லாருக்கும் ஒரே மருந்து. எல்லாரும் கிளம்பும்போது சொன்னதும் ஒன்றே: "வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க இபு."

"சொல்லவே மாட்டேன்" என்றாள் வெனிங். சொல்லவும் இல்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை மழை கொட்டி ஓய்ந்தது. பந்தயத்துக்கு முந்தைய நாள். வெனிங்கும் பிரசோஜோவும் மூங்கில் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள்.

"நான் ஒரு பல் டாக்டர்" என்று முணுமுணுத்தான் பிரசோஜோ. "எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"தும்மிடாதீங்க. அது போதும்."

முதலில் வந்தது சுகம்தோ. லுங்கியை மடித்துக் கட்டி, துணி போர்த்திய கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பூனை நடை. கரையில் குனியப் போனவர், மணல் குவியலுக்குப் பின்னால் ஏதோ அசைவதைப் பார்த்து விறைத்தார். அங்கே டிர்கோ. அவர் கையிலும் கூண்டு.

"மாலை வணக்கம் பாக் டிர்கோ."

"மாலை வணக்கம் பாக் சுகம்தோ. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா... காத்து வாங்க."

"நானும்தான். இன்னிக்குக் காத்து அருமை."

"கூண்டு?"

"அதுவும் காத்து வாங்கட்டுமேன்னு."

நாணலிலிருந்து எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். வாழை மறைவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் பின் ஒருவராய், ஆளுக்கொரு கூண்டோடு, தெருவின் ஆண்கள் மொத்தமும் குட்டையைச் சுற்றி நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் சுகம்தோ பெருமூச்சு விட்டு, கூண்டின் கதவைத் திறந்து, கையை நீட்டினார். தவளை ஒரு கணம் யோசித்துவிட்டுத் தண்ணீரில் குதித்தது. டிர்கோவின் தங்கக் கூண்டு திறந்தது. பிறகு எல்லாம்.

நிசப்தம்.

வெனிங் பிரசோஜோவின் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு நகம் இருக்கிறது என்பது அவனுக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. கூண்டில் கிடந்து நொந்த தவளைகள். கத்துமா? இவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? இன்று கத்தாவிட்டால் திங்கட்கிழமை சிமெண்ட்.

ட்ர்ர்ர்க்.

எங்கோ தெற்கு மூலையில். ஒற்றைக் குரல், வெட்கப்பட்டதுபோல.

ட்ர்ர்ர்க், என்றது வடக்கு, கொஞ்சம் சத்தமாய். உடனே தெற்கு அதைவிடச் சத்தமாய். கிழக்குக்குப் பொறுக்கவில்லை. மேற்கு சும்மா இருக்குமா? ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு குரல்கள் ஏறின. குட்டை முழுக்க நூறு தையல் மெஷின் ஓடியது.

"என்னோடது!" சுகம்தோ துள்ளினார். "அந்த முதல் குரல், என்னோடது!"

"போங்க பாக், அது சோலோக் கூண்டுல வளர்ந்த குரல். கம்பீரத்தைக் கேளுங்க!"

"ரெண்டும் இல்ல, அந்த நாணல்கிட்ட இழுத்து விடுதே, அதுதான் அசல். அது நம்மளது!"

யாருடைய தவளை எது என்று தவளைக்கே தெரியாது. அதனால் எல்லாரும் ஜெயித்தார்கள். பறவைப் பந்தயத்தில் வேலிக்கு வெளியே நின்று கத்துவதுபோலக் கத்தினார்கள். லுங்கி அவிழ்வது தெரியாமல் கத்தினார்கள்.

சத்தத்தின் நடுவே டிர்கோ ஓரடி பின்னால் வைத்தார். மணல் குவியலில் கால் புதைந்தது. குனிந்து மணலைப் பார்த்தார். குட்டையைப் பார்த்தார்.

"சுகம்தோ," என்றார் மெதுவாய், "திங்கட்கிழமை இதையா மூடறோம்?"

சுகம்தோ திடுக்கிட்டார். நிஜமாகவே அது அவருக்கு நினைவில்லை. "பந்தய மைதானத்துல எவனாவது சிமெண்ட் போடுவானா?" என்றார், வேறு எவனோ போடக் கிளம்பியதுபோல. கைகளைக் குவித்துக்கொண்டார். "மணலைத் திருப்பி அனுப்பிடலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லாத் தலையும் ஆடின. டிர்கோவின் தலை ஆடத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெற்கு மூலைக் குரல் இன்னொரு முறை ஓங்கி எழுந்ததும் அதுவும் ஆடியது.

மூங்கிலுக்குப் பின்னால் வெனிங் சேற்றில் உட்கார்ந்தே விட்டாள். "மாஸ், பொழைச்சுது" என்றாள்.

"ஹா... ஹாச்ச்!" என்றான் பிரசோஜோ.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் புரிந்து, ஒரே நேரத்தில் புரியாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

"நீங்களும் காத்து வாங்கவா டாக்டர்?" என்றார் சுகம்தோ, மரியாதையாய்.

*

சனிக்கிழமை பந்தயம் நடந்தது. கூண்டு இல்லை. சீட்டுப் போட்டு ஆளுக்கொரு கரையைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கரையில் எழும் குரல் அவருடையது. நடுவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. வெனிங்கைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார்கள். எந்தக் கரை பிரமாதமோ அங்கே நட வேண்டும்.

"பாரபட்சமே இருக்காது" என்று அறிவித்தாள். "அறிவியல் முறைப்படி கேட்பேன்."

கச்சேரி தொடங்கியது. அவள் கண்ணை மூடி, சுருதி, வேகம், இடைவெளி என்று ஒவ்வொன்றாய் மனதில் அளந்தாள். சுகம்தோவின் கரை நல்ல கனம். டிர்கோவின் கரை நீளம். எல்லாம் ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. யாருக்கும் பிரித்துக் கொடுக்காத ஒரு ஓரம். அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, ஒரு உடைந்த பானைக்குள். சின்னக் குரல். இரண்டு பெரிய குரல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அமுங்கிப் போயிற்று. மறுபடி கிளம்பியது. அமுங்கியது. வெனிங் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மறுபடி. இந்த முறை டிர்கோவின் தவளை வேண்டுமென்றே மேலே ஏறிக் கத்தியதுபோல இருந்தது.

"விடாதடா!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. "அவன் மூச்சு வாங்கறான், இப்பப் போடு! போடுடா என் ராஜா!"

குட்டைக்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெனிங் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கொடி தலைக்கு மேல் சுழன்றது.

சுகம்தோ இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு, மிகவும் பணிவாய் அருகில் வந்தார்.

"இபு, நடுவர் கத்தக்கூடாது."

"அப்படியா?" வெனிங் கொடியை அவர் கையில் திணித்தாள். "அப்போ நீங்களே நடுவரா இருங்க பாக்" என்று குதித்து இறங்கி, டிர்கோவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றாள்.